பெயர் ஒன்று, வாட் வேறு: கடலூர் வெயிலில் ஒரு கேமிங் லேப்டாப்

அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்ததும் போனை நீட்டி, "மாமா, இந்த ரெண்டுல எதை வாங்கலாம்?" என்றான். இரண்டுமே மூன்று லட்சத்தைச் சுற்றிய விலையில் இருந்த கேமிங் லேப்டாப்புகள். இரண்டிலும் ஆர்.டி.எக்ஸ். 5080 கிராபிக்ஸ் சிப், 32 ஜி.பி. ராம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று நோட்டுப் புத்தகம் போல மெலிந்தது. மற்றது தடித்துக் கனத்தது. "ரெண்டுலயும் ஒரே கார்டுதானே மாமா, அப்போ வெயிட் கம்மியா இருக்கிறதையே எடுத்துக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். விளம்பரமும் கடைக்காரரும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் சிப்பின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் லேப்டாப்பில் அந்தப் பெயரை வைத்துப் பாதி விவரம்கூடத் தெரியாது. மீதியை வாட்டில்தான் பார்க்க வேண்டும். அந்த வாட்டும் நம் ஊர் மாடி அறையில், கத்திரி வெயிலில் எவ்வளவு மிஞ்சும் என்பது தனிக் கணக்கு. இதையெல்லாம் பார்க்காமல் மூன்று லட்சம் கொடுக்க எனக்கு மனம் வராது. அன்று அவனோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

லேப்டாப்புக்கான 5080 சிப்புக்கு, அதை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் நிர்ணயித்திருக்கும் மின்சக்தி 80 வாட்டிலிருந்து 150 வாட் வரை. இந்த எல்லைக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்கிற நிறுவனம் முடிவு செய்கிறது. மெலிந்த உடம்புக்குள் அதிக வாட்டைக் கொடுத்தால் சூடு வெளியேற வழியில்லை, அதனால் குறைத்து வைப்பார்கள். தடித்த உடம்பில் 150 வாட் முழுதாகக் கொடுத்து, பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் இன்னும் 25 வாட்டை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு 175 வரை கொண்டுபோவார்கள். வோல்டேஜ் இறங்கிய நாளில் போர் மோட்டார் ஓடத்தான் ஓடும், தண்ணீர்தான் நூலாக வரும். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் குதிரைத்திறன் அப்போதும் அதேதான். லேப்டாப் ஸ்டிக்கரும் அப்படித்தான்.

இந்தக் குழப்பம் புதிதில்லை. 2017இல் என்விடியா மெல்லிய லேப்டாப்புகளுக்கான குறைந்த வாட் சிப்புகளுக்கு 'மேக்ஸ்-க்யூ' என்று பெயரிலேயே அடையாளம் வைத்தது. 2021இல் அந்தப் பின்னொட்டு பெயரிலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாடலின் வாட்டையும் நிறுவனங்களே தங்கள் பக்கத்தில் சொல்ல வேண்டும் என்று ஆனது. சொல்கிறார்கள், ஆனால் விவரப் பட்டியலின் அடியில், பொடி எழுத்தில். கடையில் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போனால் அந்த இயந்திரத்தின் அதிகபட்ச கிராபிக்ஸ் வாட் அங்கே இருக்கும். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மேசைக் கணினியின் அதே எண்ணோடு ஒப்பிட்டால் பெயர் இன்னும் மோசமாக ஏமாற்றும். மேசைக் கணினிக்கான 5090இல் 21,760 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 32 ஜி.பி. நினைவகம், 575 வாட். லேப்டாப்புக்கான 5090இல் 10,496 கோர்கள், 24 ஜி.பி. நினைவகம். கோர்களில் பாதிகூட இல்லை. உண்மையில் அது மேசைக் கணினியின் 5080க்குள் இருக்கும் அதே சிலிக்கன் வகை. லேப்டாப்புக்குள் 575 வாட்டைக் கொண்டுவரவே முடியாது, அதனால் இதில் தவறு சொல்ல எதுவுமில்லை. ஆனால் "5090 வாங்கினேன்" என்று சொல்கிறவர் எந்த 5090 என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வாட் கூடக் கூட வேகம் அதே அளவில் கூடாது, இதையும் அவனுக்குச் சொன்னேன். 60 வாட்டிலிருந்து 100க்கு ஏற்றும்போது கிடைக்கும் பலன் பெரிது. 130இலிருந்து 170க்கு ஏற்றினால் கிடைப்பது கொஞ்சம்தான், சூடும் சத்தமும்தான் நன்றாகத் தெரியும். 4060, 4070 போன்ற சின்ன சிப்புகள் 100 வாட்டுக்கு மேல் கொடுத்தாலும் பெரும்பாலான கேம்களில் அதைத் தின்பதே இல்லை. ஆகவே வாட் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அந்தச் சிப்பின் எல்லைக்குள் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கீழ்க்கோடியில் நிற்கும் பெரிய சிப்பை, முழு வாட்டில் ஓடும் ஒரு படி கீழான சிப் நெருங்கிவிடும். விலையிலோ பல பத்தாயிரம் வித்தியாசம்.

இங்கே பெயருக்கும் மதிப்பு உண்டு, சிப்புக்கே உரிய கிராபிக்ஸ் நினைவகத்தில். லேப்டாப் 5070இல் 4,608 கோர்கள், 8 ஜி.பி. நினைவகம். முந்தைய தலைமுறை 4070இலும் அதே 4,608, அதே 8 ஜி.பி. ஒரு படி மேலே 5070 டி.ஐ.யில் 5,888 கோர்கள், 12 ஜி.பி. கிராபிக்ஸ் நினைவகத்தைப் பிறகு கூட்டவே முடியாது, அது சிப்பைச் சுற்றி போர்டிலேயே பற்றவைத்தது. புதிய கேம்களில் உயர்தர டெக்ஸ்சர் (பொருட்களின் பரப்பில் ஒட்டும் படம்) வைத்தால் 8 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு வரையும் படங்கள், பெரிதாக விழாது, ஆனால் நடுநடுவே ஒரு திணறல் வரும். விளையாடுகிறவர்களுக்கு அந்தத் திணறல்தான் எரிச்சல். நான்கு வருடம் வைத்திருக்கப் போகிற இயந்திரத்தில் லட்சத்துக்கு மேல் கொடுத்து 8 ஜி.பி. வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிராசஸரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டெல் கோர் அல்ட்ரா 9 275எச்.எக்ஸ். 24 கோர் கொண்டது, ஏ.எம்.டி. ரைசன் 9 வரிசையின் எச்.எக்ஸ். சிப்புகளில் 16 கோர்வரை உண்டு. இந்த விலையில் எது வந்தாலும் கேமுக்குப் போதும், அவன் பாடத்துக்கும் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் சூட்டைக் கடத்தும் ஒரே ஹீட் பைப் குழாய்த் தொகுப்பைப் பங்குபோடுகின்றன. 275எச்.எக்ஸ். முழு வேகத்தில் 160 வாட் வரை இழுக்கக்கூடியது. அதன் சூடு பக்கத்து வீட்டுச் சிப்பின் பங்கைத் தின்னும்.

சரி, இனி நம் ஊர் வெயில். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் யாரும் நமக்காக இதைச் சோதித்துச் சொல்வதில்லை. லேப்டாப் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஏ.சி. அறையில், 20இலிருந்து 25 டிகிரிக்குள் நடக்கின்றன. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் கடலூர் வீடுகளின் மாடி அறையில் மதியம் மின்விசிறி சுற்றினாலும் 36 டிகிரிக்குக் கீழே இறங்காது.

ஒரு ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் தகடுகள்) எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளியைப் பொறுத்தது. கிராபிக்ஸ் சிப் 87 டிகிரியை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் அதற்குக் கிடைக்கும் இடைவெளி 65 டிகிரி. 36 டிகிரி மாடி அறையில் 51. அதே ஃபேன், அதே ஹீட்சிங்க், ஆனால் வெளியேற்றும் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலே போய்விட்டது. தடித்த லேப்டாப்பில் கொஞ்சம் கூடுதல் திறன் கையிருப்பு இருக்கும், அது இந்த இழப்பைத் தாங்கும். குளிர் அறையிலேயே விளிம்பில் ஓடும் மெலிந்த லேப்டாப்புக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. அது வாட்டைக் குறைக்கும், இல்லையென்றால் ஃபேனை அலறவைக்கும், பெரும்பாலும் இரண்டையும் செய்யும்.

ஆகவே உள்ளே என்ன குளிர்விப்பு இருக்கிறது என்று கேட்பது இங்கே ஆடம்பரக் கேள்வி இல்லை. சாதாரண ஹீட் பைப்பை விட வேப்பர் சேம்பர் என்ற தட்டையான செம்புப் பெட்டி சூட்டைப் பரப்பில் நன்றாகப் பரத்தும். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சாதாரண தெர்மல் பேஸ்ட் ஓரிரு வருடச் சூட்டில் காய்ந்தும் விளிம்புக்குத் தள்ளப்பட்டும் போகும். சிலர் காலியம் கலந்த திரவ உலோகம் பூசுகிறார்கள். சூட்டைக் கடத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், தெரியாத கை திறந்தால் போர்டே போய்விடும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை: சுமார் 45 டிகிரியில் இளகி, ஆறினால் மறுபடி இறுகும் மெல்லிய பட்டை. வருடக்கணக்கில் ஒரே மாதிரி வேலை செய்யும்.

சூட்டுக்கு அடுத்தது உப்பு. நான் சில வருடம் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தேன். அங்கே இரும்பு கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடித்தாலும் துரு வரும். அப்போது என்னிடம் இருந்த மெலிந்த லேப்டாப் மூன்றாவது வருடம் பத்து நிமிடத்தில் அணைந்துபோக ஆரம்பித்தது. புதுச்சேரியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் திறந்து காட்டினார்கள். காற்று போகும் செம்புத் தகடுகளின் இடையே தூசி ஈரத்தில் ஊறி, கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. தகடுகளில் பச்சைக் களிம்பு. கவனிக்காமல் விட்ட செம்புக் குடத்தில் ஏறுவது போன்ற அதே களிம்பு. புளி போட்டுத் தேய்க்க முடியாத இடத்தில் இருந்தது.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக்கொண்டு கரைசலாகும். கடற்காற்றில் வந்து போர்டின் மேல் ஒட்டிய உப்புத் துகளும் அதையேதான் செய்கிறது. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கேமிங் லேப்டாப்பில் ஃபேன்கள் பெரிது, இழுக்கும் காற்று அதிகம், அதனால் உள்ளே வரும் உப்பும் அதிகம். திரவம், அரிப்பு என்றால் சாதாரண வாரண்டி பெரும்பாலும் கைவிரித்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அப்புறம், அடிமூடியை சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடிகிற மாடலா, கழற்றினால் வாரண்டி போகுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஏ.சி. அறையில் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்வதும் வேண்டாம். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் கோப்பது போல அதன் உள்ளேயும் கோக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். இந்த வகை லேப்டாப்போடு வரும் அடாப்டர் 330 வாட் வரை இருக்கும், எடை ஒரு கிலோவை நெருங்கும். விளையாடும்போது சுவரிலிருந்து 250 வாட்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம். பேட்டரி 99.9 வாட்-மணி என்று எழுதியிருப்பார்கள். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கையில் கொண்டுபோக 100தான் எல்லை, அதனால் அந்த விசித்திரமான எண். 200 வாட் இழுத்தால் அது அரை மணி நேரம்தான். ஆனால் பேட்டரியால் அவ்வளவு வாட்டைக் கொடுக்கவே முடியாது. கரண்ட் போன நொடியே லேப்டாப் தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். கேம் அணையாது, சேமித்துக்கொள்ள நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். மேசைக் கணினியை விட லேப்டாப்புக்கு இது ஒரு பெரிய சௌகரியம். புயல் வரும் ஊர் இது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது.

வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா என்று அக்கா கேட்டாள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஏட்டில் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பதும், பேட்டரியை அடிவரை வற்றவைக்கக் கூடாது என்பதும் போக, மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 250 வாட்டில் கேம் ஆடினால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் வீட்டில் வேறு எதுவும் ஓடாமல் இருந்தால். மூன்று ஃபேனும் ஃபிரிட்ஜும் சேர்ந்தால் நிலைமை தெரிந்ததுதான். சதுர அலை இன்வெர்ட்டரில் இவ்வளவு பெரிய அடாப்டரை மாட்ட நான் விடமாட்டேன், சைன் வேவ்தான் வேண்டும். வகுப்புக்குப் போக இந்தச் செங்கல் போன்ற அடாப்டரைச் சுமக்கவும் வேண்டியதில்லை. டைப்-சி வழியாக 100 வாட் ஏற்றிக்கொள்ளும் மாடலாகப் பார்த்தால், உள்ளங்கை அளவு சார்ஜரில் பாட வேலை முழுதும் நடக்கும்.

திரையில் கடைக்காரர்கள் முதலில் சொல்வது 240 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 முறை படம் மாறும். ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். போட்டி விளையாட்டுகளுக்கு அது உண்மையாகவே உதவும். ஆனால் 2560க்கு 1600 திரையில் கிட்டத்தட்ட 41 லட்சம் புள்ளிகள், முழு எச்.டி.யின் இருமடங்கு. கனமான கேம் ஒன்றில் அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 240 முறை வரைவது இந்தச் சிப்புகளாலும் ஆகாது. அந்த இடத்தில் ஃபிரேம் ஜெனரேஷன் வருகிறது. 2025இல் வந்த என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 4 என்ற மென்பொருள் நுட்பம், வரைந்த ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் வரை கணித்துச் சேர்க்கும். திரையில் 240 என்று காட்டினாலும் உண்மையில் வரைந்தது 60 ஆக இருக்கலாம். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் மவுஸை நகர்த்தினால் கை உணர்வது அந்த 60ஐத்தான். கதை ஓட்டத்துக்காக விளையாடுகிறவருக்கு அது நல்ல வசதி. சுட்டு விளையாடுகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. விளம்பர வரைபடத்தைப் பார்க்கும்போது இது போட்டு எடுத்ததா, போடாமல் எடுத்ததா என்று பார்த்துவிட வேண்டும்.

மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பெரிய சிப் வரைந்த படம் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும், அதில் கொஞ்சம் வேகம் போகும். ராம் போர்டில் பற்றவைத்ததா, ஸ்லாட்டில் செருகியதா என்பதும் இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கு இடம் உண்டா என்பதும் மூன்றாவது வருடம் முக்கியமாகும்.

புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்று இன்னமும் எங்கள் தெருவில் சொல்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் லேப்டாப்புக்கு இரு ஊரிலும் ஒரே 18 விழுக்காடுதான், வித்தியாசம் கடைக்காரர் தரும் தள்ளுபடியில் மட்டும். வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி கடலூரின் 607001க்கு உண்டா, புதுச்சேரியின் 605001க்கு மட்டுமா என்று பின்கோடு சொல்லிக் கேட்டு எழுத்தில் வாங்குவது எந்தத் தள்ளுபடியையும் விடப் பெரிது.

கடைசியில் அவன் முதலில் காட்டிய இரண்டையுமே வாங்கவில்லை. 12 ஜி.பி. நினைவகத்தோடு 5070 டி.ஐ., 115 வாட்டும் மேலே 25ம் முழுதாகக் கொடுக்கும், நடுத்தர உடம்புள்ள ஒன்றை எடுத்தான். வாங்கிய மறுநாள், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்கு முன்பே, அக்கா வீட்டு மாடி அறையில் நடுப்பகலில் கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். வெப்பநிலையை விட வாட்டைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன், முதல் நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும். இரண்டும் அருகருகே இருந்தால் அந்த இயந்திரம் நம் ஊருக்கு ஆகும்.

ஆனால் அடாப்டர் ஒயரின் முனையில் இருந்தது 16 ஆம்பியர் பெரிய பிளக். மாடி அறையில் இருந்ததோ சின்ன சாக்கெட். இழுக்கும் மின்னோட்டம் இரண்டு ஆம்பியரைக்கூடத் தொடாது, கன்வெர்ட்டர் போட்டால் ஓடிவிடும் என்று அவன் அவசரப்பட்டான். நான் விடவில்லை. எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டினால் அடாப்டரின் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வரும், மணிக்கட்டு வைக்கும் இடத்தில் சுருக் சுருக்கென்று உணரலாம். டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது அந்தச் சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து கீழிருந்து எர்த் ஒயர் இழுத்து, பெரிய சாக்கெட் மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகுதான் கேமை ஓட்டினோம்.